லஜ்பத் நகரும் மண்டபம் முகாமும்

டில்லிவாசிகளான நமக்கு லஜ்பத் நகர் என்றால் துணிக்கடைதான். தீபாவளிக்கு முன் அங்கே போய்ப் பேரம் பேசாத தமிழ்க் குடும்பம் இருக்குமா? அந்தக் குடியிருப்பு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்காக எழுந்தது என்பது கடைக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்கே மறந்துபோயிருக்கும். 1941இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாக இருந்த டில்லியின் ஜனத்தொகை 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. அதில் சுமார் 5 லட்சம் பேர் பிரிவினையால் வந்தவர்கள். ஊர் எப்படியோ தாங்கிக்கொண்டது. பின்னாளில் கிழக்கு வங்கத்தாருக்காகச் சித்தரஞ்சன் பார்க்கும் உருவானது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 மே மாதம், தண்டனைக் காலத்தை முடித்த ஓர் இலங்கைத் தமிழர் தன்னை நாடுகடத்தக் கூடாது என்று கேட்ட வழக்கில், நாமே 140 கோடிப் பேரோடு திண்டாடுகிறோம், இது தர்மசாலை அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாகக் கருத்துச் சொன்னது. அதற்கடுத்து நாங்கள் நாலைந்து பேர் கூடியபோது, "சரிதானே சார், நம்ம ஜனங்களுக்கே இடமில்லை, இதுல வேறயா?" என்றார் ஒரு நண்பர். நல்ல மனிதர்தான். கேள்வியும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

2021இல் தமிழக முகாம்களில் இருந்த இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர். முகாமுக்கு வெளியே இன்னும் சுமார் 34 ஆயிரம். முகாமில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால், 140 கோடியில் லட்சத்துக்கு நாலு பேர். அத்தோடு, நம் ஜனத்தொகை முன்போல் பெருகவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரி 2 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. உலகக் கணக்கும் நாம் நினைப்பதற்கு நேர்மாறு. 2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தவர்கள் 12 கோடிக்கும் மேல். நாட்டெல்லை தாண்டிய அகதிகளில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களை வைத்துக் காப்பாற்றுபவை நடுத்தர, ஏழை நாடுகள். பணக்கார நாடுகளின் கதவடைப்புதான் செய்தியாகிறது. லெபனானும் உகாண்டாவும் சத்தமில்லாமல் சுமக்கின்றன. நாமே 1971இல் சுமார் ஒரு கோடிப் பேருக்கு இடம் கொடுத்தவர்கள்தானே!

ஆக, எண்ணிக்கை இடிக்கவில்லை. இடிப்பது சட்டம். சட்டம் என்பதைவிட, சட்டம் இல்லாதது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிச் சட்டம் கிடையாது. 1946இன் அந்நியர் சட்டப்படி குடிமகன் அல்லாத எவரும் அந்நியர், அவ்வளவுதான். சுற்றுலா வந்தவரும் உயிர் தப்பி வந்தவரும் ஒரே வரிசை. 2025 செப்டம்பர் 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் அகதிக்கென்று தனி இடம் இல்லை. எனவே வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வோர் ஆணை. திபெத்தியர்களுக்கு பைலகுப்பேயில் நிலம் கிடைத்தது. நம்மவர்களுக்கு முகாமும் உதவித்தொகையும் கிடைத்தன. 1996இல் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமல்ல, எந்த மனிதனுக்கும் உண்டு என்றது. உயிர் வாழலாம், சரி. வாழ்ந்தபின்?

மண்டபத்தில் படகிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூத்த பிள்ளை 1986இல் இங்கே பிறந்தால் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகன். தம்பி 1990இல் அதே முகாமில் பிறந்தால் அந்நியன்! 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. 2004 டிசம்பருக்குப் பின் இன்னும் இறுகியது. கடவுச்சீட்டில்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் பார்வையில் "சட்டவிரோதக் குடியேறி". அவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 2010இல் பிள்ளை பிறந்தால், தாய் இந்தியராயிருந்தும் பிள்ளை இந்தியன் இல்லை. மூன்று நாடுகளின் குறிப்பிட்ட மதத்தாருக்கு இந்த முத்திரையை நீக்கிய 2019 திருத்தத்தில் இலங்கை இல்லை.

இதில் மலையகத்தார் கதை தனி. நம் ஊர்களிலிருந்து தேயிலை பறிக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கு நிறைவதற்குள் 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. பிறகு கலவரத்துக்குத் தப்பிப் படகில் வந்தவர்களுக்கு, தாத்தா பிறந்த மண்ணிலேயே அகதி என்ற பெயர். இவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2019 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

2021இல் முகாம்களின் பெயர் "மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. இனி அவர்களைப் பிடித்துச் சிறையில் போட மாட்டார்கள். குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு வரியும் இல்லை.