லெஜண்டை நினைத்த இடத்தில் வைப்பது எப்படி?

பைதானில் வரைபடம் போட மேட்பிளாட்லிப் நூலகம் 2003 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் தொடங்கிவைத்தது. அதில் கோடு வரைவது சுலபம். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜண்ட் பெட்டிதான் பலரையும் படுத்துகிறது.

முதலில் பெயர். கோட்டை வரையும் 'பிளாட்' கட்டளையிலேயே 'லேபிள்' கொடுத்துவிட வேண்டும். எல்லாக் கோடுகளையும் வரைந்த பிறகு 'லெஜண்ட்' கட்டளையை அழைக்க வேண்டும். முன்னதாகவே அழைத்தால் பின்னால் வரும் கோடுகள் பெட்டியில் சேராது. ஒரு கோடு பட்டியலில் வரக் கூடாதென்றால் அதன் லேபிளை அடிக்கோட்டில் தொடங்கினால் போதும்.

அடுத்தது இடம். எதுவும் சொல்லாவிட்டால் 'பெஸ்ட்' என்ற முறையில், கோடுகள் குறைவாக உள்ள இடத்தை நூலகமே தேடிப் பிடிக்கும். தரவு மிக அதிகமானால் இந்தத் தேடல் மெதுவாகும். அப்போது 'லோக்' என்பதில் 'அப்பர் லெஃப்ட்' போல மூலையை நாமே சொல்லிவிடலாம்.

பெட்டியை வரைபடத்துக்கு வெளியே வைக்கும்போதுதான் குழப்பம். இதற்கு 'பிபாக்ஸ்_டு_ஆங்கர்' உதவும். வரைபடக் கட்டத்தின் இடது கீழ் மூலை (0, 0), வலது மேல் மூலை (1, 1). எனவே (1.02, 1) என்பது வலது விளிம்பைச் சற்றே தாண்டிய புள்ளி. இத்துடன் சேர்த்துக் கொடுக்கும் 'லோக்', பெட்டியின் எந்த மூலை அந்தப் புள்ளியில் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. 'அப்பர் லெஃப்ட்' என்றால் பெட்டி புள்ளிக்கு வலப்பக்கம், அதாவது வெளியே நிற்கும். வலப்பக்கம்தானே வேண்டும் என்று 'அப்பர் ரைட்' கொடுத்தால், பெட்டியின் வலது மூலை புள்ளியில் பொருந்தி, உடல் வரைபடத்துக்குள் வந்துவிடும். கோப்பாகச் சேமிக்கும்போது வெளியே உள்ள பெட்டி வெட்டுப்படாமலிருக்க, 'சேவ்ஃபிக்' கட்டளையில் 'பிபாக்ஸ்_இன்ச்சஸ்' என்பதற்கு 'டைட்' என்று கொடுங்கள்.

மழையளவுக்கு இடப்புற அச்சும் வெப்பநிலைக்கு வலப்புற அச்சுமாக 'ட்வின்எக்ஸ்' மூலம் வரைந்தால், ஒவ்வொரு அச்சும் தன் கோடுகளை மட்டுமே பட்டியலிடும். இரண்டிலிருந்தும் 'கெட்_லெஜண்ட்_ஹேண்டில்ஸ்_லேபிள்ஸ்' மூலம் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இரண்டாவது அச்சின் லெஜண்டில் கொடுக்கலாம். அந்த அச்சு மேலே இருப்பதால் கோடுகள் பெட்டியின் குறுக்கே ஓடாது.

மற்றவை அலங்காரம். 'ஃபிரேம்ஆன்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் சட்டம் மறையும். 'என்கால்ஸ்' பெயர்களைப் பல பத்திகளாகப் பிரிக்கும், 3.6 பதிப்புக்கு முன் இதன் பெயர் 'என்கால்'. 'டைட்டில்' பெட்டிக்குத் தலைப்பு தரும்.

இரண்டே கோடுகள் என்றால் இத்தனையும் வேண்டாம். கோடு முடியும் இடத்திலேயே 'டெக்ஸ்ட்' கட்டளையால் பெயரை எழுதிவிடுங்கள். பார்ப்பவரின் கண் பெட்டிக்கும் கோட்டுக்குமாக அலைய வேண்டியிருக்காது.