அம்மாவுடன் இரண்டு நாள் மைசூரு... லிஸ்ட்டில் இல்லாத ஒன்று!

சென்னை பெரம்பூரில் வசிக்கும் 59 வயது அம்மாவும், தனியார் வங்கியில் வேலை பார்க்கும் 28 வயது மகளும் ஒரு சனி, ஞாயிறில் மைசூரு போய் வந்தார்கள். பெயர் வேண்டாம் என்பது இருவரின் கோரிக்கை. கோயில், கல்யாணம், துக்கம் தவிர வேறு எதற்கும் அம்மா வெளியூர் போனதில்லை. சம்பள உயர்வு வந்ததும் மகள் போட்ட திட்டம் இது. அப்பாவுக்கு இரண்டு நாள் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்த பிறகுதான் அம்மா பெட்டியையே எடுத்தார்.

சென்ட்ரலிலிருந்து அதிகாலையில் கிளம்பும் வந்தே பாரத், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மைசூரில் இறக்கிவிடுகிறது. மகளின் மொபைலில் ஒரு லிஸ்ட் இருந்தது. இரண்டு நாளில் ஒன்பது இடங்கள்!

முதலில் அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-ல் தீயில் அழிய, இப்போதுள்ளது 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடை கொஞ்சநஞ்சமல்ல, படிகளும் உண்டு. வெளியே வந்ததும் அம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டார். “நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்” என்றார். அடுத்த இடத்துக்கும் அதே பதில். ‘இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தும் பிடிக்கலையா?’ என மகளுக்குக் கோபம். ராத்திரி டிபன் சாப்பிடும்போது இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அறைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார் அம்மா. வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. மகள் விளக்கைப் போட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. தெரியாத ஊரில் பாத்ரூமைத் தேடி அலையக் கூடாது என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லையாம். மகளின் லிஸ்ட்டைக் கெடுக்கக் கூடாதாம்!

நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பயணம் என்றாலே முதல் நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று என்று அது கொண்டுவரும் தொல்லைகளை ஊருக்குத் திரும்பிய பிறகும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் லிஸ்ட்டில் இரண்டே இடங்கள் மிஞ்சின. சாமுண்டி மலைக்கு ஆயிரம் படி ஏறும் திட்டம் ரத்து. பேருந்தே மேலே வரை போகிறது. அடுத்தது தேவராஜா மார்க்கெட். அங்கே அம்மா வேறு ஆளாகிவிட்டார். குங்குமக் குவியல், வெற்றிலைக் கட்டு, நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் என்று ஒவ்வொரு கடையிலும் நின்றார். கன்னடம் தெரியாது. பூக்கடையில் முழங்கையைத் தொட்டு ‘முழம்’ என்றார். பூக்காரம்மா ‘மொளா’ என்று சிரித்தார். அவ்வளவுதான், பேரம் ஆரம்பம். மைசூர் மல்லி கையில் வந்ததும், மதுரை மல்லியோடு ஒப்பிட்டு ஐந்து நிமிடம் பேச்சு. மகளுக்கு மொழிபெயர்க்கும் வேலையே இல்லை.

பெற்றோரோடு கிளம்புகிறவர்கள் ஹோட்டல் புக் செய்யும்போது வைஃபை இருக்கிறதா என்று பார்க்கும் முன், லிஃப்ட்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். ரயிலில் 45 வயதைக் கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கத் தனி ஏற்பாடு உண்டு. புக் செய்யும்போது வயதைச் சரியாகப் போட்டாலே போதும், இடம் இருந்தால் கிடைத்துவிடும். மதியம் இரண்டு மணி நேரத்தைச் சும்மா விடுங்கள். அது வீண் இல்லை.

ஞாயிறு மாலை 7 மணிக்கு அரண்மனையில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் எரியும். அரை மணி நேரம் முன்பே போய் இடம்பிடித்தார்கள். அன்று அம்மா இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருந்தார், மேலே ஒரு காபி வேறு. விளக்குப் போட ஐந்தே நிமிடம் இருக்க, கூட்டத்துக்கு நடுவே மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

“அது எரியறப்ப எரியட்டும்டி. முதல்ல பாத்ரூம் எங்கன்னு கேளு!”