வடக்குப்பட்டு ஓடுகளும் புதுச்சேரிச் சூளையும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைக் கடந்து, சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் நோக்கிப் போகிறவர்களுக்கு மோட்டார்த் தொழிற்சாலைகளின் மதில்களும் சரக்கு லாரிகளின் வரிசையுமே பிரதானமாகத் தென்படுமாயினும், அந்தப் பிரதேசத்து மண் மிகப் புராதனமான ஒரு கைத்தொழிலின் சாட்சியங்களையும் தன்னுள் வைத்திருந்தது என்பது, 2022ஆம் ஆண்டில் ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தியபோது வெளிப்பட்டது. கற்காலக் கருவிகளோடு, ரோமானியச் சாடிகளின் துண்டுகளும் ‘ரௌலட்டட்’ வகை மண்கல ஓடுகளும் அங்கே கிடைத்தன.

இவற்றுள் ‘ரௌலட்டட்’ வகை சற்று விசேஷமானது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது பிரசித்தி பெற்ற இக்கலம், விளிம்பு உள்நோக்கி வளைந்த அகன்ற தட்டு. அதன் உட்புற அடியில் நுண்ணிய புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடும். இவ்வேலைப்பாடு மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்தது என்று வீலர் கருதினார். ஆனால் மண்ணைப் பரிசோதித்த பிற்கால ஆராய்ச்சியாளர்களோ இத்தட்டுகள் இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்றார்கள். பல்வைத்த சிறு உருளையை ஓட்டி இப்புள்ளிகளைப் பதித்தார்கள் என்பது ஒரு கட்சி. பாதி உலர்ந்த தட்டைச் சக்கரத்தில் சுழலவிட்டு, வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடொன்றை அதன்மேல் தொட்டும் தொடாமலும் பிடித்தால், தகடு துள்ளித் துள்ளித் தானே புள்ளியிடும் என்பது மற்றொரு கட்சி. எனக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில், சக்கரத்தில் கலத்தைச் செதுக்கும்போது கருவி அதிர்ந்து விழும் தழும்பை இன்று வனைவோர் குற்றமென்று வழித்துவிடுகிறார்கள், பண்டைய கலைஞனோ அதையே அலங்காரமாக ஆக்கிக்கொண்டான்.

ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கீழடியிலும் ஏராளமாகக் கிடைத்த கறுப்பு-சிவப்புக் கலங்களின் ரகசியமும் இத்தகையதே. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, இரண்டும் சாயமல்ல. செம்மண் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய கலத்தை உமி, வைக்கோல் முதலியவற்றின்மேல் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறத்திலும் வாயோரத்திலும் கரி படிந்து கறுக்கும்; காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும் என்பது பெரும்பாலோர் தரும் விளக்கம். இருமுறை சுட்டார்கள் என்று கூறுவோரும் உண்டு.

நம் காலத்தில், சக்கரத்தில் வனையும் கலையை இப்பக்கத்தில் புதிய வழியில் திருப்பியவர்கள் 1971இல் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யை ஸ்தாபித்த டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர். டெபோரா ஜப்பானில் பயின்றவர். கிராமத்துச் சூளை பெரும்பாலும் ஆயிரம் டிகிரியைத் தாண்டுவதில்லை. இவர்கள் சூளையோ விறகைக் கொண்டே சுமார் 1,300 டிகிரியை எட்டியது. அந்த உஷ்ணத்தில் மண் இறுகிக் கல்லாகிறது, நீர் கசிவதில்லை. அவர்களிடம் பயின்ற மாணவர்கள் பலர் பின்னர் தேசமெங்கும் தனிச் சூளை வைத்தார்கள்.

இன்று அப்படி வனைவோரில் சிலர் முதுமக்கள் தாழியின் வடிவத்தையும் கீழடிக் கிண்ணத்தின் நிறத்தையும் ஆதர்சமாகக் கொள்வது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் கறுப்பு மெருகைப் பூசிவிட்டுப் ‘புராதன பாணி’ என்று விலை சொல்வதை நான் ஒப்பமாட்டேன். நெருப்பு செய்த காரியத்தைத் தூரிகை செய்துவிட்டால் எஞ்சுவது வெறும் நிறந்தான். மேலும், கல்லாக இறுகிய கலத்தில் குடிநீர் குளிராது. நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் நீரன்றோ நம் மண்பானையைக் குளிர்விக்கிறது! சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த கலத்தை உள்ளே கல்லும் வெளியே பலகையுமாகத் தட்டித் தட்டி அடி உருண்டையாக்கும் நம் குயவரின் வித்தையைப் புதிய கூடங்களில் யாரும் அவ்வளவாகக் கற்பதில்லை என்பது ஒரு குறையே. அந்தக் குயவர்களுக்கு வேண்டியது ஏரிக் களிமண். அதை எடுப்பதற்கான அனுமதி முறையைத் தமிழக அரசு 2024இல் எளிதாக்கியது.

கலம் வாங்க விரும்பும் வாசகர்கள், கடைக்குப் போவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய், அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த கலங்களை, முடிந்தவரை அவற்றின் உட்புறத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.