திருகாணியின் ஜாதகம்

ராணுவத் தளவாடக் கொள்முதலில் வருஷக்கணக்காக நேரும் தாமதத்தைச் செயற்கை நுண்ணறிவு சில நாட்களாகக் குறுக்கிவிடும் என்று அடிக்கடி வெளிவரும் செய்திகள் மெய்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேவையை நிர்ணயிப்பதும், வெயிலிலும் பனியிலும் வைத்துப் பரீட்சிப்பதும், விலை பேசுவதும் மனிதர் காரியங்களாக இருக்கும் வரையில் அந்தப் பேச்சில் பாதிக்குமேல் தள்ளுபடி செய்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விளம்பரம் ஏதுமின்றிப் பல்லாண்டுகளாக வேலை செய்துவரும் தகவல் ஏற்பாடு ஒன்று உண்டு. நேட்டோ நாடுகளும், இந்தியா உட்பட அக்கூட்டணியில் சேராத பல நாடுகளும் கையாளும் 13 இலக்கப் பொருள் எண்ணைத்தான் சொல்கிறேன்.

முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகுப்பு: 5305 என்றால் திருகாணி, 5310 என்றால் நட்டும் வாஷரும். அடுத்த இரண்டு, எண்ணை வழங்கிய நாடு: பிரிட்டனுக்கு 99, இந்தியாவுக்கு 72. எஞ்சிய ஏழுக்கும் அர்த்தமே கிடையாது. அதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது, ஏனெனில் அர்த்தமில்லாத எண் ஒருநாளும் பொய்த்துப்போகாது.

ஒரு கம்பெனி புதுத் திருகாணியோடு வந்து நின்றால், அது சொல்லும் பார்ட் நம்பரை நம்பி உடனே எண் கொடுத்துவிடாமல், தலை எவ்வடிவம், மரையின் விட்டம் என்ன, நீளம் எவ்வளவு, எந்த உலோகம், எந்த மேற்பூச்சு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை வாங்கி, அந்த ஜாதகத்தை முன்பே எண் பெற்ற திருகாணிகளின் ஜாதகங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். கல்யாணத்திலோ பத்துப் பொருத்தத்தில் ஏழு தேறினால் முகூர்த்தம் வைத்துவிடுவார்கள். இங்கே அத்தனையும் பொருந்த வேண்டும், தோஷத்துக்குப் பரிகாரமும் கிடையாது. பொருந்திவிட்டால் புது எண் இல்லை. பழைய எண்ணின் கீழேயே இந்தக் கம்பெனியின் பெயரும் ஏறிக்கொள்ளும். ஒரே ஜாதகத்தை நாலு வீட்டார் தங்கள் பிள்ளையுடையது என்று சொந்தம் கொண்டாடும் விபரீதம் கல்யாணச் சந்தையில் நடவாது. ராணுவக் கிடங்கில் அதுவே விசேஷம். அந்தக் கணத்தில்தான் ஒரே பொருளுக்கு நால்வர் சொல்லும் விலை அருகருகே வந்து நிற்கிறது. ஒரு கிடங்கில் தீர்ந்துபோனது இன்னொன்றில் தூசி படிந்து கிடப்பதும் தெரிகிறது. விடைகளைச் சோம்பலாக நிரப்பினாலோ, ஒரே திருகாணி இரண்டு எண்களோடு நடமாடும். அதன்மேல் எத்தனை உயர்ந்த கம்ப்யூட்டரை உட்காரவைத்தாலும் அது இரண்டை இரண்டென்றே எண்ணும்.

சரித்திரம் வேண்டுவோர்க்கு: இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைப்பிரிவுகள் ஒரே உதிரிப்பாகத்துக்கு ஆளுக்கொரு பெயரிட்டுப் பட்ட அவதியின் விளைவாக 1952-ல் இதற்கான சட்டம் பிறந்தது, 11 இலக்கமாக இருந்த எண் 1974-ல் 13 இலக்கமாயிற்று.

இவ்வளவு இருந்தும், 1983-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்த செய்தி வெளிவந்து பெரும் கூச்சல் எழுந்தது. அந்த விலையில் பெரும்பகுதி, கம்பெனியின் பொதுச்செலவைப் பொருளின் மதிப்பைப் பாராமல் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டதால் ஏறிய தொகை. அந்தச் சுத்தியலும் கடைத்தெருச் சுத்தியலும் ஒன்றே என்று பொருள் எண் சொல்லிவிடும். மிச்ச டாலர் எங்கிருந்து வந்தது என்று கேட்க இன்றைக்கும் கணக்குப்பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டும்.