தாழ்ந்த வண்டிக்குத் தக்க டயர்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நாலாட்டின்புத்தூரைக் கடந்து வருகிற இடைசெவல், கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தமிழுக்கு அளித்த ஊர். அந்த நான்கு வழிச் சாலையில் வழுக்கிக்கொண்டு வருகிற ஒரு கார், சாலையை விட்டிறங்கி ஊருக்குள்ளோ காட்டுப் பக்கமோ திரும்பிய மாத்திரத்தில், கோடையில் பாளம் பாளமாக வெடித்தும் ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பி நெகிழ்ந்தும் தன் மேல் போட்ட தாரையும் ஜல்லியையும் அலைபோல் நெளியச் செய்கிற கரிசல் மண்ணைச் சந்தித்தே தீர வேண்டும். ஒரே நாளில் இவ்விருவகைப் பாதைகளிலும் பிரயாணம் செய்ய வேண்டிய வண்டிக்குச் சக்கரம் தேர்ந்தெடுப்பது வெறும் அலங்கார விஷயமன்று. வண்டியின் ஆயுளையும் அதில் அமர்ந்திருப்பவர்களின் க்ஷேமத்தையும் பற்றிய விஷயமாகும்.

கம்பெனி கொடுத்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் வீல் பூட்டுவதும், ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தரையோடு ஒட்டினாற்போல் இறக்குவதும் இன்றைய இளைஞர்களின் பிரியங்களாக இருக்கின்றன. அழகுணர்ச்சி குற்றமன்று. ஆனால் சக்கரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்த டயர் ஏறும் என்று பிறகு தேடுகிற தலைகீழ் முறையினால்தான் பெரும்பாலான சங்கடங்கள் விளைகின்றன. டயரை முதலில் நிச்சயித்து, அதற்கேற்ற சக்கரத்தைத் தேடுவதே உசிதமான வழி.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 185/65 ஆர் 15 என்பதில், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 185-இல் நூற்றுக்கு 65 என்றால் 120 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக அது 240. சக்கரத்தின் 15 அங்குலம் 381. ஆக மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். நம் பக்கத்தில் தாராளமாகக் காணப்படும் மாருதி ஸ்விஃப்ட் காரில், அடிப்படை மாதிரிகளுக்கு 165/80 ஆர் 14 டயரும், மேல்தர மாதிரிகளுக்கு மேற்சொன்ன 185/65 ஆர் 15 டயரும் பொருத்தி வந்திருக்கிறார்கள். முன்னதன் மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் 619.6 மில்லிமீட்டர் வருகிறது. சக்கரம் ஓர் அங்குலம் பெரிதானபோதிலும் மொத்த உயரம் மாறாமல் காத்திருக்கிறார்கள் அல்லவா? உற்பத்தியாளரே காட்டியிருக்கும் இந்த நியாயம்தான் நமக்கும் வழிகாட்டி. மொத்த விட்டம் பழையதிலிருந்து நூற்றுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பங்குக்கு மேல் விலகலாகாது.

இந்த நியாயப்படி 16 அங்குலச் சக்கரத்துக்கு 195/55 ஆர் 16 அமைகிறது. அதன் விட்டம் 620.9. 17 அங்குலச் சக்கரத்துக்கு 205/45 ஆர் 17 என்றால் 616.3. விட்டக் கணக்கில் இரண்டுமே தேறிவிடுகின்றன. ஆயினும் கரிசல் காட்டுச் சாலை வேறொரு பரீட்சையும் வைக்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பரைக் காட்டிலும் உள்ளே அடைபட்ட காற்றே. பள்ளத்தில் விழும்போது அமுங்கிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்வது பக்கச்சுவர். அந்தச் சுவர் 15 அங்குல டயரில் 120 மில்லிமீட்டர், 16-இல் 107, 17-இல் 92 மட்டுமே. தார் பெயர்ந்து கூர்மையாக நிற்கும் பள்ளத்தின் விளிம்பில் மோதினால், இந்தக் குறைந்த இடைவெளியில் டயர் சக்கரத்தோடு நசுங்கி, பக்கவாட்டில் கொப்புளம் புடைத்துக்கொள்ளும், ரிம்மும் நெளிந்துபோகும்.

பாரம் தாங்கும் சக்தியைக் காட்டும் எண்ணையும் கவனிக்க வேண்டும். அளவுக்கு அடுத்தாற்போல் 88 என்றிருந்தால் அந்த டயர் 560 கிலோவைத் தாங்கும். 87 என்றால் 545. 84 என்றால் 500. 205/45 ஆர் 17 அளவில் 84 என்ற எண்ணுள்ள டயரை அறியாமல் வாங்குகிறவர், 88 எண்ணுள்ள டயரோடு ஒப்பிட ஒவ்வொரு சக்கரத்திலும் 60 கிலோ தாங்கும் சக்தியை இழந்துவிட்டு, குடும்பத்தோடும் மூட்டைகளோடும் திருச்செந்தூருக்குப் புறப்படுகிறார். கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் குறைந்த எண்ணை ஒருபோதும் ஏற்கலாகாது.

வண்டியை இறக்கியவர்கள் விழுகிற பெருங்குழி வேறொன்று. இறக்கிய பிறகு டயர் மட்கார்டில் உரசுகிறதென்று கண்டு, அதைத் தவிர்க்க 195/45 ஆர் 16 போன்ற சிறிய டயரைப் போட்டுவிடுகிறார்கள். அதன் விட்டம் ஏறக்குறைய 582 மில்லிமீட்டர். பழையதற்கு நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் குறைவு. வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 94 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். அதைவிட முக்கியம், தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி. ஸ்விஃப்ட் காரில் 163 மில்லிமீட்டர் இருந்ததை ஸ்பிரிங் மாற்றி 40 குறைத்தாயிற்று; குட்டை டயர் மேலும் 20 குறைத்துவிட்டது; மிஞ்சியது 103. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படியான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. அவ்வளவு அகலத்தில் மெல்ல ஏறி இறங்குவதால் தாழ்ந்த வண்டியும் அதைக் கடந்துவிடும். ஊர் முகப்பில் அரை மீட்டர் அகலத்தில் முதுகைத் தூக்கி நிற்கும் தடையிலோ, முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறுமுன்பே, முழு உயரமும் வயிற்றுக்கடியில் வந்து நிற்கும். நாலு பேர் ஏறியமர்ந்து ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் வேளையில் 103 மில்லிமீட்டரில் என்ன மிஞ்சும்?

சக்கரத்தின் அகலமும், அது உள்ளே வெளியே அமரும் கணக்கான ஆஃப்செட்டும் (இ.டி. என்று மில்லிமீட்டரில் குறிப்பது) டயருக்குத் துணையாகப் பொருந்த வேண்டும். 5.5 அங்குல அகலமும் இ.டி. 45-ம் கொண்ட சக்கரத்துக்குப் பதிலாக 7 அங்குல அகலமும் இ.டி. 35-ம் கொண்டதைப் பூட்டினால், வெளிப்புறம் 29 மில்லிமீட்டரும் உட்புறம் 9 மில்லிமீட்டரும் அது பிதுங்கி நிற்கும். உயரமான வண்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தப் பிதுக்கம், இறக்கிய வண்டியில் குலுங்கும்போதெல்லாம் மட்கார்டின் ஓரத்தில் டயரை அறுக்கும். மழைக்காலத்தில் கரிசல் களி டயரில் அப்பிக்கொண்டு அடைகிறபோது, உலர்ந்த தரையில் போதுமாயிருந்த இடைவெளியும் போதாமற்போகும். மண்ணைப் பார்த்து வண்டிச் சக்கரத்தின் உயரத்தை நிர்ணயித்த நம் தச்சர்களின் புத்தி இங்கேதான் நமக்கும் வேண்டியிருக்கிறது.

ஆகையால் டயர் பூட்டியதும் கடையிலேயே ஒரு சோதனை செய்வது அவசியம். பின் இருக்கையில் மூன்று பேரை அமர்த்தி, ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் முழுக்கத் திருப்பி, மெதுவாக ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகு, சக்கரத்தின் மேல் வளைவுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பளபளக்கும் தேய்ப்பு எங்கேனும் தெரிந்தால் அந்த அளவு அந்த வண்டிக்கு ஆகாது. இறக்கிய வண்டியில் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து டயரின் உள்ளோரம் மட்டும் தேயுமாதலால், வீல் அலைன்மென்ட்டையும் உடனே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் மறப்பதற்கில்லை. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அளவு மாற்ற எண்ணுகிறவர் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் முன்னதாக விசாரித்துக்கொள்வதே விவேகம்.

நெடுஞ்சாலையை மட்டும் நம்பி வாழ்கிற பட்டணவாசிக்கு எந்த அளவு உகந்ததோ, நாம் அறியோம். கரிசல் காட்டிலிருந்து நித்தம் சாலையேறுகிறவர், மொத்த விட்டத்தைப் பழையபடியே காத்து, பக்கச்சுவரின் பங்கை 55-க்குக் கீழே இறங்கவிடாமல், பாரம் தாங்கும் எண்ணைக் குறைக்காமல் தேர்ந்தெடுப்பாரானால், பெரிய சக்கரத்தின் அழகை அனுபவிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வண்டியை இறக்குவதை மட்டும் அவர் கைவிடுவது நல்லது. ஏனெனில் இந்த மண்ணில் தரையிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு விரற்கடை உயரமும் நமக்குக் கிடைத்த தனம்.