களைப்பு சோம்பல் அல்ல

"எந்த நேரமும் சோர்ந்து போய்ப் படுத்திருக்கிறாள்." மூட்டுவாத நோயால் வருந்தும் நம் பெண்களில் பலர் கேட்டுக் கேட்டு மனம் நொந்த வார்த்தை இது. விரல் வீங்கினால் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். களைப்போ தெரியாது. வைத்தியரிடம்கூட அதைச் சொல்லாமல் நோவை மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்களே அதிகம்.

அன்புச் சகோதரியே, நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

'ரூமட்டொயிட் ஆத்ரைட்டிஸ்' எனப்படும் இந்நோய், வயது போவதால் மூட்டுத் தேய்ந்து வருவதல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, தன் சொந்த மூட்டுகளையே தாக்குவதால் வருவது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. காலையில் எழும்பியதும் விரல்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருப்பது இதன் முக்கிய அடையாளம்.

இந்த அழற்சியில் உண்டாகும் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. காய்ச்சலின்போது உடம்பு அசந்து போகிறதல்லவா? அத்தகைய அசதிதான் இதுவும். ஆகவே நோய் கட்டுப்பட்டால் களைப்பும் பெரும்பாலும் குறையும்.

நோய் கட்டுப்பட்ட பின்னும் களைப்பு நீங்கவில்லையா? அப்படியானால் கூடவே வேறொன்று இருக்கக்கூடும். முதலில் இரத்தச்சோகை. நீடித்த அழற்சியாலும் இது வரும். நோவுக் குளிசைகளால் இரைப்பை புண்பட்டு, மெல்ல மெல்ல இரத்தம் கசிவதாலும் வரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எனவே இரும்புச் சத்துக் குளிசையை நீங்களாக வாங்கி விழுங்காமல், இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போனால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் சோர்வு வரும். இரவில் நோவினால் தூக்கம் கெடுவதும், மனச்சோர்வும் அப்படியே. மனச்சோர்வு வெட்கப்பட வேண்டியதொன்றல்ல. அதற்கும் சிகிச்சை உண்டு. இந்நோயாளருக்கு இருதய நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது மூச்சு வாங்குவதை வெறும் களைப்பென்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

மருந்து விடயத்தில் மிகுந்த அவதானம் தேவை. மெதொட்ரெக்சேட் குளிசை இந்நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுப்பது. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அது கருவையும் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெற எண்ணுபவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாக வாங்கிப் பாவித்தால் எலும்பு பலமிழக்கும், சீனி கூடும். நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது.

களைப்பென்று முற்றாகப் படுத்துவிடுவதும் கூடாது. சிறிது நடை, இலேசான அப்பியாசம் ஆகியன களைப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். தேங்காய் துருவுவதும் கனத்த சட்டி தூக்குவதும் காலை விறைப்பு விட்ட பின் இருக்கட்டும். அல்லது வீட்டிலுள்ள மற்றவர்கள் செய்யட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, எத்தனை நாள் களைப்பு, எந்த நேரத்தில் அதிகம், எந்த வேலையை விட நேர்ந்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். கணவரோ மகளோ உடன் வந்தால் இன்னும் நல்லது. இது சோம்பல் அல்ல, நோய் என்பதை வைத்தியர் வாயாலேயே அவர்களும் கேட்கட்டும்.