விற்பனைக்கு வராத வெண்ணெய்

அமெரிக்காவில் அயோவா மாநிலப் பொருட்காட்சி 1854-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் தலைநகர் டெ மாயினில் 11 நாட்கள் நடைபெறுகிறது. மாடு, பன்றி, சோளம், வீட்டு ஊறுகாய் அனைத்துக்கும் போட்டி உண்டு. குச்சியில் செருகிய பன்றிக்கறியும் பிரசித்தம்.

வணிக அன்பர்கள் கவனிக்க வேண்டியது வெண்ணெய்ப் பசு. சட்டத்தின்மேல் சுமார் 270 கிலோ வெண்ணெய் அப்பி, நிஜப் பசுவின் அளவில் செய்து, குளிரூட்டிய கண்ணாடி அறையில் நிறுத்துகிறார்கள். பால்பொருள் வியாபாரத்துக்கு விளம்பரமாக 1911-இல் வந்தது. ஒரு கிராம்கூட விற்பதில்லை. பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். வெண்ணெயும் வீணல்ல, அதையே பல ஆண்டுகள் மறுபடி பயன்படுத்துகிறார்கள். (நம்மிடம் இருப்புச் சரக்கு இப்படி உழைக்குமா?)

உலகப் போரால் 1942 முதல் 1945 வரை பொருட்காட்சி நின்றது. 2020-இல் கொரோனாவால் மீண்டும் ரத்து. கடைக்காரர்களுக்கு அவ்வாண்டு 11 நாள் வியாபாரமும் போயிற்று. பிள்ளைகள் வளர்த்த கால்நடைகளுக்கு மட்டும் போட்டி நடத்தினார்கள்.